ஸ்டாக்கில் 8 வரி வரை ஓடுகிறது, 9ஆவது வரியில் ரீஅலாக் செத்துவிடுகிறது. ஏன்?

கற்றுக்குட்டி

வணக்கம். சி மொழியில் ஸ்டாக் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். நிரல் செய்ய வேண்டியது ரொம்ப எளிய வேலை. விசைப்பலகையில் அடிக்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து ஸ்டாக்கில் புஷ் செய்யும். உள்ளீடு முடிந்ததும் பாப் செய்து, அதாவது மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை அச்சிடும்.

நிரலை இங்கே ஒட்டவில்லை. ஒட்டினால் யாராவது திருத்திக் கொடுத்துவிடுவீர்கள், எனக்கு ஒன்றும் புரியாமலே போய்விடும். வார்த்தையில் சொல்கிறேன்.

ஸ்ட்ரக்டில் மூன்று உறுப்புகள்: வரிகளின் முகவரிகளை வைக்கும் டேட்டா, இப்போது எத்தனை இருக்கிறது என்ற கவுன்ட், எத்தனைக்கு இடம் இருக்கிறது என்ற கெப்பாசிட்டி. தொடக்கத்தில் கெப்பாசிட்டி 8. அந்தக் கெப்பாசிட்டியை மால்லாக்கிடம் கொடுத்து டேட்டாவுக்கு நினைவகத்தில் இடம் வாங்குகிறேன். இடம் நிறைந்ததும் கெப்பாசிட்டியை இரட்டிப்பாக்கி, சைஸ்ஆஃப் பாயின்டரால் (ஒரு முகவரிக்கு வேண்டிய பைட் அளவு) பெருக்கி, வாங்கிய இடத்தைப் பெரிதாக்கித் தரும் ரீஅலாக்கிடம் கொடுக்கிறேன். வரியைப் படிக்க மெயினில் 256 எழுத்து கொள்ளும் ஒரு கேரக்டர் அரே. எஃப்கெட்ஸ் அதில் படிக்கும், அந்த அரேயை அப்படியே புஷ் செய்வேன்.

பிரச்சினை இரண்டு. 8 வரிக்குள் கொடுத்தால் நிரல் முடிகிறது, ஆனால் கடைசி வரியையே 8 தடவை அச்சிடுகிறது. 9ஆவது வரியை அடித்து என்டர் தட்டியதும் "ரீஅலாக்: இன்வேலிட் நெக்ஸ்ட் சைஸ்" என்று சொல்லி நின்றுவிடுகிறது. ரீஅலாக் வரியை நூறு தடவை பார்த்துவிட்டேன், அதில் தப்பே தெரியவில்லை. 64 பிட் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர்.

அரைப்புள்ளி

முதல் பிரச்சினைக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன்.

நீங்கள் புஷ் செய்வது வரியை அல்ல, வரி இருக்கும் இடத்தின் முகவரியை. இடம் ஒன்றே ஒன்றுதான், மெயினில் இருக்கும் அந்த 256 எழுத்து அரே. 8 தடவை புஷ் செய்தாலும் ஸ்டாக்கில் இருப்பது ஒரே முகவரியின் 8 நகல். அந்த வீட்டில் கடைசியாகக் குடிவந்தது எந்த வரியோ அதுதான் 8 தடவையும் கதவைத் திறக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் தனி இடம் வாங்கி நகல் எடுத்து, அந்த முகவரியைப் புஷ் செய்யுங்கள். ஸ்ட்ர்டப் இந்த இரண்டையும் ஒரே அடியில் செய்யும். கையால் செய்வதானால் ஸ்ட்ர்லென் தரும் நீளத்தோடு 1 கூட்டி மால்லாக் செய்ய வேண்டும். அந்த 1 கடைசியில் வரும் பூஜ்ய பைட்டுக்கு. அதை மறந்து மாட்டாதவர் யாரும் கிடையாது.

துருப்பிடித்த ஆணி

ரீஅலாக் வரியில் தப்பு இல்லை, தம்பி. அதற்கு மேலே போய் மால்லாக் வரியைப் பார். கெப்பாசிட்டியை மட்டும் கொடுத்திருக்கிறாய், சைஸ்ஆஃபால் பெருக்கவில்லை. உனக்கு வேண்டியது 8 பாயின்டருக்கு இடம், அதாவது 64 பைட். கேட்டது 8 பைட். ஒரே ஒரு பாயின்டருக்கு இடம் வாங்கி அதில் எட்டைத் திணித்திருக்கிறாய்.

"அப்படியானால் இரண்டாவது வரியிலேயே விழுந்திருக்க வேண்டாமா?" என்று கேட்பாய். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

லினக்ஸில் மால்லாக்கைத் தருவது ஜிலிப்சி. 64 பிட்டில் அது கொடுக்கும் மிகச் சின்னத் துண்டு 32 பைட். அதில் 8 பைட்டைத் துண்டின் அளவு எழுதி வைக்க அது எடுத்துக்கொள்ளும், உன் கைக்கு வருவது 24. நீ 8 கேட்டாலும் 24தான். 24 பைட்டில் மூன்று பாயின்டர் அடங்கும். ஆகவே முதல் மூன்று வரி தற்செயலாகப் பிழைத்தது.

நான்காவது பாயின்டர் எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? பக்கத்துத் துண்டின் அளவு எழுதியிருந்த அதே 8 பைட்டில். 5 முதல் 8 வரை அந்தப் பக்கத்துத் துண்டுக்கு உள்ளேயே எழுதினாய். யாரும் கத்தவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. 9ஆவது வரி வந்தபோதுதான் ரீஅலாக் கூப்பிடப்பட்டது. "இருக்கிற துண்டையே நீட்டிக்க முடியுமா, பக்கத்தில் என்ன இருக்கிறது" என்று அது எட்டிப் பார்த்தது. அளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகவரி உட்கார்ந்திருந்தது. ஹீப் (மால்லாக் இடம் எடுத்துக் கொடுக்கும் பகுதி) மொத்தத்தை விடப் பெரிய எண். "அடுத்த துண்டின் அளவு செல்லாது" என்று சொல்லி அபார்ட் செய்துவிட்டது. கொலை நாலாவது வரியில், பிணம் கிடைத்தது ஒன்பதாவது வரியில்.

கற்றுக்குட்டி

இவ்வளவு நுணுக்கமாக எதிர்பார்க்கவே இல்லை, நன்றி அண்ணா. அப்புறம், தம்பி இல்லை, தங்கை.

சைஸ்ஆஃப் போட்டேன், 9 வரி தாண்டிவிட்டது. ஆனால் ஸ்ட்ர்டப் போட்டதும் பாப் செய்த முதல் வரியை அச்சிடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட்! கம்பைலருக்குத் தரம் சி11 என்று கொடுத்திருக்கிறேன். ஏதோ ஒரு எச்சரிக்கை வந்தது, ஆனால் ஓடும் கோப்பு உருவானதால் விட்டுவிட்டேன்.

அரைப்புள்ளி

அந்த எச்சரிக்கைதான் விடை. விடலாமா?

ஸ்ட்ர்டப் பல வருடங்களாக பாசிக்ஸில் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரம்) இருந்தாலும் சி தரத்துக்குள் வந்தது சி23இல்தான். சி11 என்று கறாராகச் சொன்னால் ஹெடர் கோப்பு ஸ்ட்ர்டப்பை அறிவிக்காது. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தரும் என்று பழைய ஜிசிசி தானாக நினைத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் கீழ்ப்பாதி 32 பிட் மட்டும் மிஞ்சும். பாதி முகவரியை வைத்துக்கொண்டு வீடு தேடினால் செக்மென்டேஷன் ஃபால்ட்தான்.

குனு சி11 என்று கொடுங்கள், அல்லது ஹெடர்களுக்கு மேலே பாசிக்ஸ் மேக்ரோவை வரையறுங்கள். ஜிசிசி 14 இந்த வேலையே வைக்கவில்லை, இதை எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நிறுத்திவிடும்.

மால்லாக் திருப்பித் தருவதை காஸ்ட் (வகை மாற்றம்) செய்யாதே என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஹெடரைச் சேர்க்க மறந்தாலும் காஸ்ட் அந்த எச்சரிக்கையை மூடி மறைத்துவிடும்.

துருப்பிடித்த ஆணி

மன்னிக்கவும் தங்கச்சி.

இனி எதையும் கண்ணால் தேடாதே. டீபக் தகவலோடு கம்பைல் செய்து, நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் வால்கிரைண்டுக்குள் ஓட்டு. உன் பழைய நிரலை அதில் ஓட்டியிருந்தால் இரண்டாவது புஷ்ஷிலேயே காட்டிக்கொடுத்திருக்கும்: 8 பைட் எழுத்து செல்லாது, 8 பைட் துண்டுக்கு 0 பைட் தாண்டி எழுதுகிறாய், அந்தத் துண்டு வாங்கப்பட்டது இந்த வரியில் என்று. ஜிலிப்சி கொடுக்கும் 24 பைட் கருணையெல்லாம் அங்கே கிடையாது. நீ கேட்டது எவ்வளவு என்பதுதான் அதற்குக் கணக்கு.

இராக்கோழி

வால்கிரைண்டில் நிரல் 10 முதல் 30 மடங்கு மெதுவாகும். ஜிசிசியிலேயே அதே மாதிரி வேலைக்கு அட்ரஸ் சானிடைசர் இருக்கிறது, 4.8இலிருந்து. சுமார் 2 மடங்குதான் மெதுவாகும். என் பயிற்சி நிரல் ஒவ்வொன்றும் அதோடுதான் கம்பைல் ஆகும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒத்துப்போகாது.

சங்கிலி

கேட்கிறேனே, இந்த ரீஅலாக் தலைவலியே எதற்கு? லிங்க்ட் லிஸ்டில், அதாவது ஒவ்வொரு நோடும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் கோவையில், ஸ்டாக் எழுதுங்கள். புஷ் என்றால் ஒரு நோடுக்கு மால்லாக், நெக்ஸ்ட்டை பழைய டாப்புக்கு வை, டாப்பை புது நோடுக்கு மாற்று. பாப் என்றால் டாப்பை ஃப்ரீ செய், டாப்பை அதன் நெக்ஸ்ட்டுக்கு நகர்த்து. முடிந்தது. கெப்பாசிட்டியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை.

அரைப்புள்ளி

> டாப்பை ஃப்ரீ செய், டாப்பை அதன் நெக்ஸ்ட்டுக்கு நகர்த்து

இந்த வரிசையிலா? ஃப்ரீ செய்த நோடின் நெக்ஸ்ட்டை எப்படிப் படிப்பீர்கள்?

சங்கிலி

அவசரத்தில் எழுதிவிட்டேன். சரி, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த வரிசையில் எழுதிய நிரல் ஒன்று என்னிடம் பல வருடம் ஒழுங்காக ஓடியது.

துருப்பிடித்த ஆணி

ஓடியிருக்கும். உன் நோடில் மதிப்பு முதலிலும் நெக்ஸ்ட் இரண்டாவதாகவும் இருந்திருக்கும், சரிதானே?

ஃப்ரீ செய்த துண்டுகளை ஜிலிப்சி ஒரு பட்டியலாகக் கோத்து வைக்கும். கோக்கத் தேவையான முகவரியை அந்தத் துண்டின் முதல் 8 பைட்டிலேயே எழுதிக்கொள்ளும். உன் மதிப்பு அழியும், இரண்டாவது 8 பைட்டில் இருக்கும் நெக்ஸ்ட் தப்பிக்கும். 2019இல் வந்த ஜிலிப்சி 2.29 இரண்டாவது 8 பைட்டிலும் ஒரு அடையாளத்தை எழுத ஆரம்பித்தது, ஒரே துண்டை இரண்டு தடவை ஃப்ரீ செய்தால் பிடிப்பதற்காக. அதற்கு அப்புறம் உன் நெக்ஸ்ட்டும் போயிற்று. நீ ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டாய், லைப்ரரி மாறியதும் விழுந்திருக்கும்.

கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி. சியில் வரையறுக்கப்படாத நடத்தை என்று சொல்வது இதைத்தான்.

நெக்ஸ்ட்டை முதலில் ஒரு மாறியில் எடுத்து வை. அப்புறம் ஃப்ரீ செய்.

சங்கிலி

போன வருடம் அப்டேட் செய்ததும்தான் விழுந்தது. அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. ஆனால் லிங்க்ட் லிஸ்ட் எளிது என்ற என் கட்சியை விட மாட்டேன்.

இராக்கோழி

எளிது, சரி. விலை என்ன? 4 பைட் இன்ட் ஒன்றைப் புஷ் செய்தால் நோடில் 4 பைட் மதிப்பு, 4 பைட் வெற்றிடம், 8 பைட் நெக்ஸ்ட், ஆக 16. மேலே சொன்ன கணக்குப்படி துண்டு 32 பைட். 4 பைட்டுச் சரக்குக்கு 32 பைட்டு வண்டி. அரேயில் அதே இன்ட்டுக்கு 4 பைட்தான். பாதி காலியாகக் கிடந்தாலும் 8. நோடுகள் ஹீப்பில் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தால் கேஷ் வேறு உதவாது.

சங்கிலி

கற்றுக்குட்டி வைப்பது இன்ட் இல்லையே, வரி. ஒவ்வொரு வரிக்கும் ஸ்ட்ர்டப் தனியாக ஒரு துண்டு வாங்கத்தான் போகிறது, சின்ன வரியாக இருந்தாலும் 32 பைட். அதோடு இன்னொரு 32 சேர்ந்தால் குடி முழுகிவிடாது.

நோடிலேயே வரியின் எழுத்துகளையும் சேர்த்து வாங்கலாம். கடைசி உறுப்பை அளவில்லாத அரேயாக விடுவது, சி99இலிருந்தே உண்டு. ஒரு மால்லாக், ஒரு ஃப்ரீ.

அப்புறம் முக்கியமானது: என் நோடுகள் ஒரு தடவை உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. ரீஅலாக் உங்கள் அரேயை ஒட்டுமொத்தமாக வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

இராக்கோழி

நோடிலேயே வரியையும் வைப்பது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன்.

கற்றுக்குட்டி

இரண்டையும் எழுதிப் பார்க்கிறேன், முதலில் அரே. இரண்டு சந்தேகம்.

1. கெப்பாசிட்டியை இரட்டிப்பாக்குவது வீண் போல இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 10 கூட்டினால் போதாதா?
2. ரீஅலாக் தருவதை நேரே டேட்டாவிலேயே வாங்கிக்கொள்கிறேன். தப்பு என்று எங்கேயோ படித்தேன், ஏன் என்று தெரியவில்லை.

இராக்கோழி

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 10 லட்சம் வரி வருகிறது என்று வையுங்கள். ரீஅலாக் ஒவ்வொரு தடவையும் பழையதையெல்லாம் புது இடத்துக்கு நகலெடுக்கிறது என்றும் வையுங்கள்.

ஒவ்வொன்றாகக் கூட்டினால் மொத்த நகல் சுமார் 50,000 கோடி. பத்துப் பத்தாகக் கூட்டினால் 5,000 கோடி. 8இல் தொடங்கி இரட்டிப்பாக்கினால் 17 ரீஅலாக், மொத்த நகல் 10,48,568. அதாவது புஷ் ஒன்றுக்குச் சராசரியாக ஒன்றுதான். 10 என்பதை 1000 என்று மாற்றினாலும் வளைவு அதே வளைவுதான், கொஞ்சம் தள்ளிப்போகும்.

உண்மையில் ரீஅலாக் எப்போதும் நகலெடுப்பதில்லை. பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் அங்கேயே நீட்டிக்கும். ஜிலிப்சியில் 128 கேபி தாண்டிய பெரிய துண்டுகள் பெரும்பாலும் தனியாக மேப் செய்யப்படும். அப்படிப்பட்ட துண்டு வளரும்போது லினக்ஸ் பைட்டை நகர்த்தாமல் பக்க அட்டவணையை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் உங்கள் நிரலில் அரேக்குப் பக்கத்திலேயே ஸ்ட்ர்டப் வரிகளைக் கொண்டுவந்து அடுக்குகிறது, அதனால் சின்ன அளவுகளில் நீட்டிக்க வாய்ப்பு குறைவு.

2தான் வேண்டும் என்றும் இல்லை. குனு சி++இன் வெக்டர் 2 மடங்கு வளரும், மைக்ரோசாஃப்டுடையது 1.5 மடங்கு. 2 மடங்கில் ஒரு சங்கடம் உண்டு: 8, 16, 32 என்று விட்டுவந்த பழைய இடங்களையெல்லாம் சேர்த்தாலும் 56தான், அடுத்து வேண்டிய 64க்கு ஒருபோதும் போதாது. எப்போதும் புது இடம் தேடி முன்னால் ஓட வேண்டும். 1.5 என்றால் சில சுற்றுக்கு அப்புறம் பழைய இடத்திலேயே அடங்க வாய்ப்பு வரும். பயிற்சி நிரலுக்கு இதெல்லாம் ரொம்ப அதிகம், 2 போதும்.

அரைப்புள்ளி

இரண்டாவது கேள்வி. ரீஅலாக்குக்கு இடம் கிடைக்காவிட்டால் நல் (வெற்று முகவரி) தரும், ஆனால் பழைய துண்டைத் தொடாது. உங்கள் வரிகள் பத்திரமாக அங்கேயே இருக்கும். நீங்கள் அந்த நல்லை டேட்டாவிலேயே எழுதிவிட்டால் பழைய துண்டுக்குப் போகும் ஒரே வழியும் அடைந்துவிட்டது. படிக்கவும் முடியாது, ஃப்ரீ செய்யவும் முடியாது. டெம்ப் என்று ஒரு மாறியில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்துவிட்டு, அப்புறம் டேட்டாவுக்கு மாற்றுங்கள். கெப்பாசிட்டியையும் அப்போதுதான் மாற்ற வேண்டும். முன்கூட்டியே இரட்டிப்பாக்கிவிட்டு ரீஅலாக் தோற்றால், இல்லாத இடம் இருப்பதாக ஸ்ட்ரக்ட் பொய் சொல்லும்.

இராக்கோழி

லினக்ஸில் மால்லாக் நல் தருவதே இல்லை, கெர்னல் இருப்பதை விட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும், பிறகு தட்டுப்பாடு வந்தால் ஏதாவது ஒரு புராசஸைக் கொல்லும் என்பார்கள். நடைமுறையில் இந்தச் சோதனை வீண் என்பது என் கருத்து.

துருப்பிடித்த ஆணி

பாதி சரி. நினைவகம் உண்மையிலேயே தீர்ந்து நல் வருவது அபூர்வம். ஆனால் நான் நேரில் பார்த்த நல் எல்லாம் அப்படி வந்ததில்லை. அளவைக் கணக்கிடுவதில் தப்பு நடந்து வந்தது. இன்ட் மாறியில் கழித்துக் கழித்து -1 ஆகி, அதை மால்லாக்கிடம் கொடுத்தால் குறியில்லாத 64 பிட் எண்ணாக மாறும். அவ்வளவு பெரிய எண்ணுக்கு எந்தக் கெர்னலும் வாக்குக் கொடுக்காது, உடனே நல். சோதனை இருந்தால் அங்கேயே பிடிபடும்.

இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம். கெப்பாசிட்டியையும் சைஸ்ஆஃபையும் பெருக்கும்போது எண் சுற்றிவந்து சின்னதாகிவிட்டால் மால்லாக் சந்தோஷமாகக் கொடுக்கும், நீ தாண்டி எழுதுவாய். கால்லாக் இந்தப் பெருக்கலைத் தானே சோதிக்கும். ரீஅலாக்குக்கு அப்படிச் சோதிக்கும் ஜோடி ஒன்று ஓபன்பிஎஸ்டியில் பிறந்தது, ரீஅலாக்அரே என்று பெயர். ஜிலிப்சிக்கு 2017இல் 2.26இல் வந்தது.

கவுன்ட், கெப்பாசிட்டி இரண்டையும் இன்ட்டாக வைக்காதே. சைஸ்-டி ஆக வை.

நல் வந்தால் என்ன செய்வது என்பதும் இடத்தைப் பொறுத்தது. உன்னுடையது மாதிரிச் சின்ன நிரல் ஒரு செய்தி சொல்லிவிட்டு வெளியேறலாம், அதில் வெட்கமில்லை. பலர் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் வெளியேறும் உரிமை உனக்கு இல்லை. புஷ் தோற்றது என்று கூப்பிட்டவரிடம் சொல்லிவிட்டு ஸ்டாக்கை முன்பு இருந்தபடியே விட்டுவிட வேண்டும்.

கற்றுக்குட்டி

டெம்ப் போட்டேன், சைஸ்-டி ஆக்கினேன். வரிகள் தலைகீழாக ஒழுங்காக வருகின்றன! ஆனால் வால்கிரைண்ட் 12 வரி கொடுத்தால் 12 துண்டு "டெஃபினிட்லி லாஸ்ட்" என்கிறது. கடைசியில் டேட்டாவை ஃப்ரீ செய்துவிட்டேனே?

அரைப்புள்ளி

பாப் திருப்பித் தருவதை என்ன செய்கிறீர்கள்?

கற்றுக்குட்டி

பிரின்ட்எஃப்புக்கு உள்ளேயே பாப்பைக் கூப்பிடுகிறேன். ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

அரைப்புள்ளி

அங்கேதான் ஒழுகுகிறது. பாப் கொடுத்த முகவரியை பிரின்ட்எஃப் பார்த்தது, அச்சிட்டது, கீழே போட்டது. அதற்கு அப்புறம் அந்த முகவரி உலகத்தில் எங்கேயும் இல்லை. டேட்டாவை ஃப்ரீ செய்வது முகவரிப் புத்தகத்தை எரிப்பது போலத்தான், வீடுகள் அப்படியே நிற்கும்.

பாப் தந்ததை ஒரு மாறியில் பிடித்து, அச்சிட்டு, ஃப்ரீ செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: இந்த வரி யாருடையது? புஷ் நகலெடுக்கும், அந்த நொடியிலிருந்து வரி ஸ்டாக்குடையது. பாப் கொடுத்த பிறகு வாங்கியவருடையது, ஃப்ரீ செய்வது அவர் பொறுப்பு. இதை ஹெடர் கோப்பில் பாப் அறிவிப்புக்கு மேலே ஒரு வரியாக எழுதி வையுங்கள். கம்பைலர் இதைச் சோதிக்காது, ஆறு மாதம் கழித்து நீங்களே மறந்துவிடுவீர்கள்.

ஸ்டாக்கை அழிக்கும் ஃபங்ஷன் இன்னும் பாப் ஆகாமல் மிச்சமிருக்கும் வரிகளை முதலில் ஃப்ரீ செய்து, அப்புறம் டேட்டாவை ஃப்ரீ செய்ய வேண்டும். வரிசை மாறினால் சங்கிலியின் கதைதான்.

சங்கிலி

என்னை விட மாட்டீர்களா!

பீக்கையும் சொல்லிவிடுங்கள். அதில் தந்த முகவரியை யாராவது ஃப்ரீ செய்தால்?

அரைப்புள்ளி

செய்யக் கூடாது. பீக் எட்டிப் பார்ப்பது மட்டும்தான், சொத்து கைமாறாது. திருப்பித் தரும் வகையை கான்ஸ்ட் ஆக்கினால் ஃப்ரீ செய்ய முயலும்போது கம்பைலர் எச்சரிக்கும். அந்த முகவரிக்கு ஆயுள் அடுத்த பாப் வரைக்கும்தான்.

இன்னொன்று. சங்கிலி சொன்ன "அரே நகரும்" விஷயம் இங்கே கடிக்கும். கற்றுக்குட்டியின் பீக் வரியின் முகவரியைத் தருகிறது. வரிகள் நகராது, அவற்றைப் பற்றிய அரேதான் நகரும், அதனால் நடுவில் புஷ் வந்தாலும் பிழைக்கும். ஸ்டாக்கில் நேரடியாக இன்ட்டோ ஸ்ட்ரக்டோ வைத்து, பீக் அந்தக் கட்டத்தின் முகவரியைத் தந்தால் கதை வேறு. பீக் செய்து ஒரு பாயின்டரில் வைத்துக்கொண்டு, ஒரு புஷ் செய்து, அந்தப் பாயின்டர் வழியாக எழுதினால் காலி செய்துபோன வீட்டில் எழுதுகிறீர்கள். 8, 16, 32 என்று நிறையும் தருணத்தில் மட்டும் நடக்கும் என்பதால் சோதனையில் சிக்காது.

இராக்கோழி

ஸ்டாக் என்பதால் ஒரு வசதி உண்டு, யாரும் சொல்லவில்லை. கடைசியில் வந்தது முதலில் போகும் அல்லவா? வரிகளுக்குத் தனித்தனி மால்லாக்கே வேண்டாம். ஒரு பெரிய எழுத்து அரே, வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போங்கள். பாப் என்றால் முனையைப் பின்னால் நகர்த்தினால் போதும், ஃப்ரீயே கிடையாது. ஆனால் முகவரிகளை வைக்காதீர்கள், தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணை வையுங்கள். இங்கே ரீஅலாக் வரிகளையே நகர்த்திவிடும்.

குனு லைப்ரரியில் இதே யோசனையில் ஆப்ஸ்டாக் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பொருளை விடுவித்தால் அதற்குப் பின்னால் வாங்கிய எல்லாமே சேர்ந்து விடுபடும்.

மௌனவாசகர்

வெகுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவன், ஒரு கேள்விக்காக வந்தேன். ஸ்டாக் காலியாகக் காலியாக இடத்தைச் சுருக்க வேண்டாமா?

துருப்பிடித்த ஆணி

பெரும்பாலும் வேண்டாம். சுருக்கியே ஆக வேண்டும் என்றால் பாதி காலியானதும் சுருக்காதே. 16 நிறைந்து 17 வந்து 32 ஆகும், ஒரு பாப் வந்ததும் திரும்ப 16 ஆகும், அடுத்த புஷ்ஷில் மறுபடி 32. ஒவ்வொரு அடியிலும் ரீஅலாக். கால் பங்குக்குக் கீழே இறங்கினால்தான் பாதியாக்கு.

இதில் நானே ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். வேலை பார்த்த ஓரிடத்தில் நான் எழுதிய ஸ்டாக் கடைசி உருப்படி பாப் ஆனதும் தன்னைப் பூஜ்யமாகச் சுருக்கிக்கொள்ளும். ரீஅலாக்குக்கு அளவு 0 போயிற்று. ஜிலிப்சி அதை ஃப்ரீ என்று எடுத்துக்கொண்டு, துண்டை விடுவித்துவிட்டு நல் கொடுத்தது. என் நிரல் நல்லைப் பார்த்து "சரி, தோற்றுவிட்டது, பழையது பத்திரமாக இருக்கிறது" என்று பழைய முகவரியையே வைத்துக்கொண்டது. அழிக்கும்போது இரண்டாவது ஃப்ரீ. டெம்ப் மாறி, நல் சோதனை, எல்லாம் புத்தகத்தில் இருப்பதுபோல ஒழுங்காக இருந்தும் விழுந்தது. சி23இல் அளவு 0 கொடுப்பது வரையறுக்கப்படாத நடத்தை என்றே ஆக்கிவிட்டார்கள். குறைந்தபட்சம் 8 என்று ஒரு தரை வைத்துக்கொள், அதற்குக் கீழே இறங்காதே.

கற்றுக்குட்டி

எல்லாம் செய்தேன். வால்கிரைண்டில் ஒழுகல் எதுவும் இல்லை, பிழை 0!

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. 12 வரி கொடுத்தேன். தொடக்க மால்லாக் 1, 8இலிருந்து 16க்கு ரீஅலாக் 1, ஸ்ட்ர்டப் 12. மொத்தம் 14 தானே? வால்கிரைண்ட் 16 தடவை வாங்கப்பட்டது, 16 தடவை விடப்பட்டது என்கிறது. ஸ்ட்ரக்ட் மெயினிலேயே இருக்கிறது, அதற்கு மால்லாக் கிடையாது. அந்த இரண்டு யாருடையது?

இராக்கோழி

பேஷ், எண்ணிப் பார்த்தீர்களே! உங்களுடையது இல்லை. ஸ்டாண்டர்ட் இன்புட்டுக்கு ஒரு பஃபர், அவுட்புட்டுக்கு ஒரு பஃபர். முதல் எஃப்கெட்ஸ் வரும்போதும் முதல் பிரின்ட்எஃப் வரும்போதும் லைப்ரரியே மால்லாக் செய்துகொள்ளும். நிரல் முடியும்போது வால்கிரைண்ட் லைப்ரரியைத் தட்டி அவற்றை விடச் சொல்லும்.

துருப்பிடித்த ஆணி

தங்கச்சி, முதலில் நீ நாலாவது பாயின்டரை எழுதினாயே, பக்கத்துத் துண்டில்? அந்தத் துண்டு அநேகமாக இந்த இன்புட் பஃபர்தான். அரேக்கு அடுத்து வாங்கப்பட்டது அதுதானே. ஏற்கெனவே படித்து முடித்த எழுத்துகள் மேல் எழுதியதால்தான் 8 வரி வரை ஒன்றும் தெரியவில்லை.

நம்பிக்கை இல்லாவிட்டால் மெயினின் முதல் வரியிலேயே செட்விபஃப் வைத்து இரண்டையும் பஃபர் இல்லாமல் ஆக்கிவிட்டு ஓட்டிப் பார்.

கற்றுக்குட்டி

14.